வரையத் தெரியாது என்பதற்கான சான்றிதழ்

அந்தக் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தில் பதினெட்டாவது பத்தி இப்படி இருந்தது: "விருப்பமுள்ளோர் தாமே உருவாக்கிய கலைப்படைப்பு ஒன்றைத் துணை இணைப்பாகச் சமர்ப்பிக்கலாம். இது கட்டாயமல்ல." கட்டாயமல்ல என்ற சொல்லை அப்படியே நம்பியவர்கள் அந்த வருடம் எத்தனை பேர் என்று தெரியாது. எனக்குத் தெரிந்து ஒருவர் இருந்தார். அவர் லிஃப்ட்காரர்.

லிஃப்ட்காரர் என்பது தெருவில் அவருக்கு வழங்கிய பெயர். பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள். கட்டடக் கலை படிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். அதைச் சொல்லித்தருகிற கல்லூரி ஊரில் ஒன்றுதான் இருந்தது. எனக்கும் அந்தக் கல்லூரிமேல் ஒரு பழைய கோபம் உண்டு. அதை இந்தக் கதையில் எங்கேயும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தைக் கொடுக்க அப்பாவும் மகளும் போனார்கள். கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கடைசித் தாளுக்குப் பின்னாலும் எதையோ தேடினார்.

"படம் எங்க?"

"கட்டாயம் இல்லன்னு போட்டிருக்கே சார்" என்றார் லிஃப்ட்காரர்.

"கட்டாயம் இல்லதான். யாரு கட்டாயம்னு சொன்னது? ஆனா எல்லாரும் வெச்சிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் வெக்கலைன்னு ஒரு சந்தேகம் வரும்ல?"

"யாருக்கு சார்?"

"எனக்கே வந்துடுச்சே."

படம் வைக்காதவர்கள் 'படம் வைக்காததற்கான விளக்கம்' என்று ஒரு கடிதம் தர வேண்டுமாம். விண்ணப்பதாரருக்குக் கலை ஆர்வம் அறவே இல்லை என்று உறவினர் அல்லாத இருவர் அதில் உறுதி கூற வேண்டும். இல்லாததை எப்படி உறுதி கூறுவது என்று மகள் கேட்டாள். அதனால்தான் எல்லாரும் படம் வைத்துவிடுகிறார்கள் என்று எழுத்தர் அன்பாகவே சொன்னார்.

மகளிடம் படம் இருந்தது. ஒரு மாதமாகப் பென்சிலால் வரைந்தது. மேல்மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தால் தெரியும் காட்சி: இருட்டான பாதை, அதன் நடுவே கூண்டின் கூரை, கூரைமேல் குனிந்து வேலை செய்கிற ஒரு ஆள். முகம் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"சூப்பரா இருக்கும்மா" என்றார் அவர். சொல்லிக்கொண்டே அட்டையைத் தேடப் போய்விட்டார். கசங்காமல் கட்ட வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

இங்கேதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். லிஃப்ட் வேலையில் ஒரு முறை உண்டு. எதைக் கழற்றி மாட்டினாலும், முடித்த கையோடு மெஷின் ரூமில் தொங்கும் அட்டையில் 'பரிசோதித்தேன், சரியாக உள்ளது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் இந்தப் பழக்கம் அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக் குழாயை மாற்றினால் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் எழுதுவார். கல்யாணமான புதிதில் மனைவி தைத்த தலையணை உறையிலும் எழுதியிருக்கிறார். படத்தை அட்டையில் வைத்துக் கட்டும்போது, கை தானாகப் பேனாவை எடுத்தது. படத்தின் பின்பக்கத்தில் 'பரிசோதித்தேன், சரியாக உள்ளது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கட்டிவிட்டார்.

விண்ணப்பத்தோடு படத்தையும் கொடுத்த பத்தாம் நாள் கடிதம் வந்தது. அனுப்பியது 'துணைப் படைப்பு மெய்ம்மை ஆய்வுக் குழு'. படத்தின் பின்பக்கத்தில் விண்ணப்பதாரர் அல்லாத ஒருவரின் கையெழுத்து காணப்படுவதால், விசாரணைக்கு வரவும். வரும்போது கொண்டுவர வேண்டியவை: வரைந்த பென்சில், அதன் மீதி நீளம் தெரியும்படி, அழித்த ரப்பர், கெட்டுப்போன படங்கள் குறைந்தது மூன்று, வரையப் பயன்பட்ட மேசை அல்லது மேசையின் நான்கு பக்கப் புகைப்படம்.

"கெட்டுப்போன படத்தை யாரு வெச்சிருப்பாங்க?" என்றாள் மகள்.

"அதெல்லாம் நான் அன்னன்னிக்கே குப்பையில போட்டுட்டேனே" என்றார் அவளுடைய அம்மா. அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். எதையும் இரண்டு தடவை துடைத்துப் பார்க்கிறவர். கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, நான் எத்தனை தடவ சொன்னேன், கண்டதுல எல்லாம் கையெழுத்து போடாதீங்கன்னு? நல்ல வேளை, பொண்ணு முதுகுல போடாம விட்டீங்க" என்றார்.

மகள் உட்கார்ந்து மூன்று கெட்டுப்போன படங்களைப் புதிதாக வரைந்தாள். நல்ல படம் வரைந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது.

குழுவின் அறை இரண்டாம் மாடிக் கோடியில் இருந்தது. வாசலில் காவலாளி அவர்களுடைய அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்துவிட்டு, "போங்க, பாப்போம்" என்றார். உள்ளே நீளமான மேசை. அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுவின் தலைவர். வலப்பக்கம் கையெழுத்து நிபுணர், கையில் பூதக்கண்ணாடி. இடப்பக்கம் ஓவியத் துறை அம்மையார். மேசைமேல் மகளின் படம் கவிழ்த்து வைக்கப்பட்டு, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டு பாரமாக இருந்தது. எழுத்து பின்பக்கத்தில்தானே இருக்கிறது, அதனால் பின்பக்கம்தான் மேலே இருந்தது.

தலைவர் முதலில் குழுவின் வரலாற்றைச் சொன்னார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் குழுவே கிடையாது. யாரு என்ன குடுத்தாலும் வாங்கி, பாத்து, ரசிச்சு, சீட்டு குடுத்துட்டிருந்தாங்க. என்ன ஒரு அலட்சியம்! நான் ஆராய்ச்சிக் கட்டுரை சமர்ப்பிச்சப்ப ஒருத்தர்கூட என்னைச் சந்தேகப்படல. ஒரே ஒரு கேள்வி கேக்கல. அன்னிக்கே முடிவு பண்ணேன், இந்தக் கல்லூரியில இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கக் கூடாதுன்னு."

அம்மையார் தொண்டையைச் செருமினார். தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முதலில் பென்சிலை அளந்தார்கள். ஒரு விரல் நீளம் மிச்சம். இவ்வளவு பெரிய படத்துக்கு இன்னும் தேய்ந்திருக்க வேண்டாமா என்றார் நிபுணர். வேறு பென்சிலும் இருந்தது, அது முடிந்துவிட்டது என்றாள் மகள். "முடிஞ்சுபோன பென்சில்" என்று நிபுணர் எழுதிக்கொண்டு, அந்தச் சொல்லை அடிக்கோடிட்டார். மேசையின் புகைப்படத்தில் ஒரு ஓரத்தில் நிழல் விழுந்திருந்தது. அது யாருடைய நிழல் என்று கேட்டார்கள். அம்மாவுடையது என்றாள் மகள். ஆக, வரைந்த மேசைக்குப் பக்கத்தில் அம்மாவும் இருந்திருக்கிறார் என்று அதுவும் குறிக்கப்பட்டது. கெட்டுப்போன மூன்று படங்களையும் அம்மையார் விரலால் தடவிப் பார்த்து, "பென்சில் கையில ஒட்டுது. நேத்து வரைஞ்சதா?" என்றார். மகள் தலைகுனிந்துகொண்டாள். ஆமாம், அதில் மட்டும் அவர்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிறகு லிஃப்ட்காரரின் முறை.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"படத்துக்குப் பின்னாடி கையெழுத்து யாரு போடுவாங்க? வரைஞ்சவங்க. அப்ப வரைஞ்சது யாரு?"

"என் பொண்ணு சார். எனக்கு வரையவே வராது."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். மூவருக்கும் முகத்தில் ஒரு சந்தோஷம். "அப்படிச் சொல்றவங்களுக்காகத்தான் ஒரு தேர்வே வெச்சிருக்கோம்" என்றார்.

தேர்வின் பெயர் 'வரையத் தெரியாமைத் தேர்வு'. அதில் தேறினால், இன்னாருக்கு வரையத் தெரியாது என்று கல்லூரி முத்திரையோடு சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ் கிடைத்தால் படம் மகளுடையதாகும். தேறாவிட்டால் அப்பாவுக்கு வரையத் தெரியும் என்று ஆகும். லிஃப்ட்காரர் வாழ்க்கையில் எந்தத் தேர்வுக்கும் இவ்வளவு நம்பிக்கையோடு உட்கார்ந்ததில்லை.

ஒரு குதிரை வரையச் சொன்னார்கள். வரைந்தார். நான்கு கால்களும் ஒரே இடத்திலிருந்து கிளம்பின. தலை எந்தப் பக்கம் என்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மையார் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு மோசமா சாதாரணமா வரைய முடியாது. குதிரையோட உடம்பு நல்லாத் தெரிஞ்சவங்கதான் இப்படி எல்லா இடத்திலயும் தப்பு பண்ண முடியும்."

இன்னொரு குதிரை வரையச் சொன்னார்கள். முதல் குதிரையில் கால் சரியில்லை என்று அவருக்கே பட்டதால், இதில் கால்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டார். உழைப்பாளி மனுஷன், பழக்கம் விடுமா?

"பாத்தீங்களா, முன்னேற்றம்!" என்று நிபுணர் எழுந்தேவிட்டார். "அஞ்சே நிமிஷத்துல!"

பயந்துபோய் மூன்றாவது குதிரையை வேண்டுமென்றே கிறுக்கினார். "இப்ப ஒளிக்கிறார்" என்றார் தலைவர். முடிவு: தெரியாமை நிரூபிக்கப்படவில்லை. மூன்று குதிரைகளும் கோப்பில் சேர்க்கப்பட்டன.

மகளுக்கும் தேர்வு வைத்தார்கள். காவலாளி பக்கத்தில் நின்று அவள் கையைக் கண்கொட்டாமல் பார்க்க, அரை மணி நேரத்தில் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்றார்கள். அவள் எதிரே இருந்த மூன்று பேரையும் வரைந்தாள். அச்சு அசலாக வந்தது. நிபுணரின் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் பெரிதாக, தலைவரின் மூக்கு எல்லாருக்கும் முன்னால். காவலாளி தன்னை மறந்து "அடேயப்பா!" என்றார். பிறகு அதற்காக அவரும் விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றார் தலைவர், மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. "ஆனா அது லிஃப்ட்டு, இது மனுஷங்க. ரெண்டும் ஒரே கைதான்னு எப்படிச் சொல்றது? இதுல இருந்து ஒண்ணுதான் தெரியுது. இந்தப் பொண்ணுக்கு வரையத் தெரியும். வரையத் தெரிஞ்ச பொண்ணு எதுக்கு அப்பாவை வரையச் சொல்லணும்? அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமா இருக்கு."

ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரு வாரத்தில்தான் விஷயம் கெட்டது. சந்தேகப்படுகிறவர்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் சந்தேகமும் சளி மாதிரி தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. லிஃப்ட்காரர் வேலையில் நட்டை முறுக்கும்போதெல்லாம் யோசித்தார். அவள் வரையும்போது அவர் ஒரு நாளாவது பக்கத்தில் இருந்தாரா? காலையில் அவர் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் திரும்பும்போது மேசை காலியாக இருக்கும். அவள் சிநேகிதி ஒருத்தி நன்றாக வரைவாள் என்று ஒரு தடவை சொன்ன ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிடும்போது கேட்டேவிட்டார். "ஏம்மா, தப்பா எடுத்துக்காத. முழுசா நீயேதானே வரைஞ்ச?"

மகள் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

"நல்லாருக்குங்க" என்றார் மனைவி. "அவங்க மூணு பேரு. இப்ப நீங்க நாலாவது."

லிஃப்ட்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்தப் படிவமும் இல்லை. அந்த வாரம் முழுக்க மகள் அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

இரண்டாவது விசாரணையில் தலைவர் மிகவும் கனிவாக இருந்தார். அதுவே சரியில்லை என்று லிஃப்ட்காரர் நினைத்தார்.

"உங்க பொண்ணு மார்க் தாராளமாப் போதும்" என்றார் தலைவர். "இந்தப் படம் மட்டும் இல்லைன்னா போன மாசமே சீட்டு போட்டிருப்போம். படம் வந்ததாலதான் பிரச்சினை."

"படம் இல்லைன்னா சந்தேகம் வரும்னு கவுண்ட்டர்ல சொன்னாங்களே சார்."

"வரும்தான். அது வேற சந்தேகம். அதுக்கு வேற குழு." அவர் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். "இதுல கையெழுத்து போட்டுடுங்க. எல்லாம் சுபம்."

தாளில் இரண்டே வரி. 'மேற்படி படத்தை வரைந்தவன் நானே. என் மகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.' அப்பா வரைந்ததென்று ஆகிவிட்டால் படம் செல்லாது. படம் செல்லாவிட்டால் அது விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும். கழன்றுவிட்டால் மார்க்கை வைத்து சீட்டு. "உண்மையில்லாத ஒண்ண எழுதி வாங்குறோம்னு நினைக்காதீங்க. உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் குழு. கண்டுபிடிக்க முடியாத இடத்துல ஒப்புதல் வாங்கிக்குவோம். பதினோரு வருஷத்துல நூத்துக்கணக்கான அப்பாக்கள் ஓவியர்னு இங்க பதிவாகியிருக்காங்க" என்றார் தலைவர் பெருமையாக.

லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுடுங்கப்பா. படம்தானே. சீட்டுதான் முக்கியம்."

அவள் எட்டாம் வகுப்பிலிருந்து கேட்டது இந்த சீட்டைத்தான். ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கழற்றியவர் நிறுத்தினார்.

"படத்தை ஒரு தடவ பாத்துக்கட்டுமா சார்?"

"எதுக்கு?"

"பாத்துட்டுத்தான் கையெழுத்து போடணும். எங்க தொழில்ல அப்படித்தான்."

"ஏற்கெனவே பின்னாடி போட்டிருக்கீங்களே. பரிசோதித்தேன், சரியாக உள்ளதுன்னு. அப்ப பாக்காமலா போட்டீங்க?" என்றார் நிபுணர்.

அந்த அறையில் யாரோ கேட்ட முதல் நியாயமான கேள்வி அது. ஒரு போல்ட்டைக்கூட மூன்று தடவை பார்க்கிற மனுஷன், மகள் ஒரு மாதம் வரைந்ததை ஒரு நொடி பார்த்துவிட்டு அட்டை தேடப் போயிருக்கிறார். வெட்கத்தில் காது சுட்டது. கண்ணாடிக் குண்டை நகர்த்தினார், படத்தைத் திருப்பினார், மெஷின் ரூமில் பார்ப்பது போலவே மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். கதவுச் சட்டம் சரி. சுவரோரத் தண்டவாளம் சரி. கூண்டின் கூரை, அதில் கழற்றி வைத்த மூடி, மூடிமேல் அவருடைய ஸ்பேனர், கைப்பிடியில் சுற்றிய டேப்புகூட சரி. குனிந்திருந்த ஆள் அவரேதான். அந்தச் சட்டையில் கிழிந்த பாக்கெட்டை அவரே இன்னும் கவனித்திருக்கவில்லை. கடைசியாகக் கூண்டைத் தாங்கும் கயிறுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஏம்மா, கயிறு நாலுதானே? இதுல அஞ்சு இருக்கே."

"தப்புன்னு ஒத்துக்கறீங்களா?" நிபுணர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"தப்புதான் சார். அந்த லிஃப்ட்டுக்கு நாலு கயிறுதான். நான் வரைஞ்சிருந்தா நாலுதான் போட்டிருப்பேன்."

"தப்பு இல்ல" என்றாள் மகள். ஒரு வாரத்துக்குப் பிறகு நேராக அப்பாவைப் பார்த்துப் பேசினாள். "எண்ணித்தான் போட்டேன். நீங்க அது மேல ஏறி நிக்கிறதை ஒரு தடவ பாத்தேன்ல, அன்னிலேர்ந்து நீங்க வேலைக்குப் போனா எனக்கு பயமாவே இருக்கும். நாலு போதும்னு நீங்க சொல்வீங்க. எனக்குப் போதலப்பா. அதான் ஒண்ணு சேத்துப் போட்டேன்."

லிஃப்ட்காரர் அந்த ஐந்து கயிறுகளையும் இன்னொரு தடவை பார்த்தார். இவளிடமா கேட்டோம், நீயேதானே வரைந்தாய் என்று? அவளைத் தவிர இந்தக் கயிற்றை உலகத்தில் வேறு யார் போட்டிருக்க முடியும்?

"உணர்ச்சிக்கு இந்தப் படிவத்துல இடம் இல்ல" என்றார் தலைவர். "நேரம் ஆகுது. கையெழுத்து போடுங்க."

போட்டார். தலைவர் நீட்டிய தாளில் இல்லை. படத்தைத் திருப்பி, தன் பழைய கையெழுத்துக்குக் கீழே நிதானமாக எழுதினார்: 'மறுபரிசோதனை. முதல் தடவை பார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு. கயிறு ஐந்து. சரியாக உள்ளது. வரைந்தது என் மகள்.' தேதி போட்டார். கையெழுத்திட்டார்.

"ஆதாரத்துல எழுதறீங்களா?" தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா? சீட்டு போச்சு. மூணு வருஷத்துக்கு இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட முடியாது."

"தெரியுது சார்" என்றார் லிஃப்ட்காரர். மகளைப் பார்த்து, "தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டார்.

அவள் அழுதுகொண்டே இல்லை என்று தலையாட்டினாள். சீட்டு போன துக்கம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவும் மகளும் படத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தர முடியாது என்றது குழு. யாருடையது என்று முடிவாகாத பொருளை யாரிடம் திருப்பித் தருவது? சரி என்று இருவரும் கதவு வரை போய்விட்டார்கள்.

"நில்லுங்க" என்றார் தலைவர்.

திரும்பிப் பார்த்தால், மூன்று பேரும் படத்தின் முன்பக்கத்தின்மேல் குனிந்திருந்தார்கள். நிபுணர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அம்மையார் விரல் வைத்து எண்ணினார்.

"அஞ்சும் ஒரே மாதிரி இருக்கேம்மா" என்றார் தலைவர். அவர் குரல் முதல் தடவையாகச் சாதாரண மனுஷனுடையது போல இருந்தது. "இதுல நீ சேத்துப் போட்டது எது?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை மட்டும் சொல்ல மாட்டேன் சார். சொன்னா அதை அறுத்துடுவீங்க."

அவள் இப்போது இரண்டு மணி நேர பஸ் பயணத் தூரத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் கட்டடக் கலை படிக்கிறாள். குழு அந்தக் கயிற்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கிடைத்த கடைசித் தகவலின்படி, தலைவர் எண்ணியதில் ஐந்தும் அம்மையார் எண்ணியதில் நான்கும் வந்திருக்கிறதாம். இருவரும் ஒருவரிடம் ஒருவர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்.